பாய்லரின் நாள் கணக்கு: நீராவி இஞ்சின் விழா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பழைய நீராவி இஞ்சின்களைக் கூட்டிவந்து விழா நடத்தும் குழுவினருக்கும், அந்த இஞ்சின்களை வைத்துப் பராமரிக்கும் அருங்காட்சியகங்களுக்கும் சங்கங்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் விழாக்களுக்குப் பல வருடமாக வந்துகொண்டிருப்பவன் நான். டிக்கெட் வாங்கி முன்வாசல் வழியாக வந்ததைவிட, எண்ணெய்த் துணியோடு பின்வாசல் வழியாக வந்ததுதான் அதிகம். வார இறுதிகளில் ஒரு ஷெட்டில் இஞ்சின் துடைப்பேன், சாம்பல் அள்ளுவேன், யாராவது ஸ்பேனர் கேட்டால் எடுத்துக் கொடுப்பேன். டிரைவர் இல்லை, கரி தள்ளி நெருப்பைக் கவனிக்கும் ஃபயர்மேனும் இல்லை. ஆகவே இந்த மடலில் வல்லுநர் தோரணை எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு குறை இருக்கிறது, ஒரு கோரிக்கையும் இருக்கிறது. சாம்பல் அள்ளியவனுக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு என்று நினைத்து எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு விழா. எது, எங்கே என்பதெல்லாம் வேண்டாம். ஏழு இஞ்சின்கள், ஏழிலும் நெருப்பு. காலை எட்டு மணிக்கெல்லாம் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். மாலை ஐந்து வரைக்கும் அப்படியே நின்றன. மதியம் இரண்டு இஞ்சின்கள் மட்டும் ஐம்பது அடி முன்னே போய் ஐம்பது அடி பின்னே வந்தன. அப்புறம் விசில் போட்டி. ஒவ்வொன்றாக ஊத, கூட்டம் கைதட்டியது. எங்கள் ஷெட்டில் வேலை பழகிக்கொண்டிருந்த ஒரு பெண், பத்தொன்பது வயது, ஒன்றரை வருடமாகக் கரி சுமந்து, பித்தளை துலக்கி, எப்போது கேபினில் டிரைவரும் ஃபயர்மேனும் நிற்கும் ஃபுட்பிளேட்டில் நிற்கலாம் என்று காத்திருந்தவள். அன்று முழுக்க அவள் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று, "கோட்டைத் தாண்டாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேபினுக்குள் நன்கொடையாளர்கள் ஏறி இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் நெருப்பை இறக்கும்போது, எழுபத்தைந்தைத் தாண்டிய எங்கள் ஃபயர்மேன் என் பக்கம் திரும்பி, "ஏழு நாள் போச்சு" என்றார். எனக்கு முதலில் பிடிபடவில்லை. விழாவே ஒரு நாள்தானே? அவர் கணக்கு வேறு. ஏழு இஞ்சின், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள்.

உங்களுக்கு இது தெரிந்த கணக்குதான். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மத்திய ரயில்ரோடு விதிப்படி ஒரு நீராவி இஞ்சினுக்கு 1,472 சேவை நாட்கள், அல்லது 15 வருடம். எது முதலில் முடிகிறதோ அதோடு நிறுத்தி, பாய்லரைத் திறந்து, குழாய்களை உருவி, உள்ளே புகுந்து பார்த்து, தகட்டின் கனத்தை அளந்து, அது இன்னும் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று சரிபார்க்க வேண்டும். இதில் 'சேவை நாள்' என்பதற்கு விதி தரும் பொருளைக் கவனியுங்கள். கரி எரியும் அறையான ஃபயர்பாக்ஸில் நெருப்பும், பாய்லரில் வெளிக்காற்றை மிஞ்சிய அழுத்தமும் இருக்கிற எந்த நாளும் சேவை நாள்தான். நூறு மைல் ஓடினாலும் ஒரு நாள், நின்ற இடத்தில் விசில் ஊதினாலும் ஒரு நாள். பிரிட்டனில் பெரும்பாலும் பத்து வருடக் கணக்கு. அங்கே அதை பாய்லர் டிக்கெட் என்றே சொல்கிறார்கள். பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. தேதி முடிந்தால் பயணமும் முடிந்தது.

(போகிற போக்கில் ஒன்று. ஃபயர்பாக்ஸ் என்ற சொல்லைத் தமிழாக்க முயன்று ஒவ்வொரு தடவையும் 'தீப்பெட்டி'யில் போய் முட்டிக்கொள்கிறேன். அது சட்டைப் பையில் இருக்கவேண்டிய சாமான். அதனால் ஃபயர்பாக்ஸ் என்றே இருக்கட்டும்.)

விவரம் தெரிந்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். அருங்காட்சியக இஞ்சின்களில் பெரும்பாலானவை 1,472 நாட்களை எட்டுவதே இல்லையே, அதற்குள் 15 வருடம் வந்துவிடுமே, பிறகு ஒரு நாள் போனால் என்ன? கேள்வி சரியானதுதான். ஆனால் அது என் கவலையைக் கூட்டத்தான் செய்கிறது. வருடத்துக்குப் பத்து நாள் நெருப்பு காணும் இஞ்சினுக்கு 15 வருடத்தில் மொத்தம் 150 நாள். அந்தக் காலத்தில் ஒரு ஃபயர்மேன் அவ்வளவு நாளையும் ஒரே வருடத்துக்குள் பார்த்திருப்பார். அவர் ஒரே வருடத்தில் கற்றதை நம் பிள்ளைகள் 15 வருடத்தில் கற்க வேண்டியிருக்கிறது. அந்த 150 நாளிலும் பாதியைக் கயிற்றோரத்தில் கழித்துவிட்டால்?

என் கோரிக்கை இதுதான். நெருப்பு மூட்டிய எந்த நாளும், அதில் புதிதாக ஓர் ஆள் வேலை கற்காமல் கழியக்கூடாது. விழா நடத்துங்கள், கூட்டம் சேருங்கள், டிக்கெட் விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் நெருப்போடு நிற்கும் ஒவ்வொரு இஞ்சினிலும், அனுபவசாலிக்குப் பக்கத்தில் கற்றுக்கொள்ளும் ஒருவருக்கு அந்த நாள் முழுவதும் இடம் ஒதுக்குங்கள். அப்படி ஒதுக்க முடியாத இஞ்சினில் அன்றைக்கு நெருப்பு மூட்ட வேண்டாம்.

கடைசி வாக்கியம் கடுமையாகத் தோன்றலாம். அதற்குக் காரணம் இருக்கிறது.

அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில் 1995 ஜூன் 16 அன்று நடந்ததை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். 1278 எண் கொண்ட இஞ்சின் பயணிகளோடு ஓடிக்கொண்டிருந்தபோது ஃபயர்பாக்ஸின் மேல் தகடு கிழிந்தது. கேபினில் இருந்த மூன்று பேருக்கும் தீக்காயம். பயணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாய்லரில் தண்ணீர் மட்டம் இறங்கி, நெருப்புக்கு நேர் மேலே இருக்கும் தகடு தண்ணீரில்லாமல் காய்ந்து, சிவந்து, இளகிவிட்டது. மட்டம் காட்டும் கண்ணாடிக்குப் போகும் துளைகளில் உப்புப் படிவு அடைத்திருந்தது. அந்தத் தகட்டைத் தாங்கிய போல்ட்டுகளின் அமைப்பினால் அது ஒரே வீச்சில் பிய்ந்து வராமல் பகுதி பகுதியாக விட்டுக்கொடுத்தது. இல்லையென்றால் மூன்று உடல்களைத்தான் எடுத்திருப்பார்கள். விசாரணை செய்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இரண்டு காரணங்களைச் சொன்னது: பாய்லரும் அதன் கருவிகளும் சரியாகப் பராமரிக்கப்படவில்லை, ஓட்டியவர்களுக்குச் சரியான பயிற்சி தரப்படவில்லை.

அந்தக் கண்ணாடியை எப்படிச் சோதிப்பது என்று எங்கள் ஃபயர்மேன் எனக்குக் காட்டியிருக்கிறார். நான் ஃபயர்மேன் ஆகப்போவதில்லை என்று தெரிந்தும் காட்டினார். கீழே இருக்கும் வடிகால் திருகைத் திறந்தால் கண்ணாடியில் நிற்கும் தண்ணீர் சீறிக்கொண்டு போய்விடும். பிறகு நீராவி வழியையும் தண்ணீர் வழியையும் தனித்தனியாகத் திறந்து, இரண்டும் தாராளமாக வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். வடிகாலை மூடியதும் தண்ணீர் குபுக்கென்று எகிறி, குதித்து, தன் மட்டத்தில் வந்து நிற்க வேண்டும். "துள்ளணும். சோம்பேறியா மேல வந்துச்சுன்னா நம்பாதே" என்றார். எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இந்தச் சோதனை இருக்கும். ஆனால் எவ்வளவு வேகம் துள்ளல், எவ்வளவு வேகம் சோம்பல் என்று புத்தகத்தில் எழுத முடியாது. பத்து தடவை, இருபது தடவை, பக்கத்தில் ஒருவர் இருக்க, நாமே திருகித் திருகிப் பார்த்தால்தான் கண்ணுக்குப் பழகும். விழாவில் நின்ற ஏழு இஞ்சின்களிலும் அன்றைக்கு இந்தச் சோதனை நடந்தது. அந்தப் பெண் பார்க்கவில்லை.

பாய்லருக்குள் தண்ணீர் செலுத்தும் இன்ஜெக்டரும் அப்படித்தான். தண்ணீரைத் திறந்து, நீராவியைத் திறந்து, அது 'பிடித்துக்கொள்ளும்' வரை திருகை மயிரிழை அளவுக்கு முன்னும் பின்னும் அசைப்பார். வழிகிற குழாயிலிருந்து கொட்டுவது நிற்கும், சீறல் ஒரு ரீங்காரமாக மாறும். அவர் குழாயைப் பார்ப்பதே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு கரி தள்ளும்போதே, "விட்டுடுச்சு பார்" என்பார். திரும்பிப் பார்த்தால் தண்ணீர் தரையில் கொட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காதை எந்த அருங்காட்சியகத்தில் வைப்பீர்கள்?

இரும்பைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படவில்லை, சொல்லப்போனால். இரும்பைத் திரும்பச் செய்ய முடியும். பிரிட்டனில் ஏ1 வகை எக்ஸ்பிரஸ் இஞ்சின்கள் 49 இருந்தன. அத்தனையையும் உடைத்து விற்றுவிட்டார்கள், ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆர்வலர்கள் காசு சேர்த்து, 1994இல் வேலையைத் தொடங்கி, 2008இல் ஐம்பதாவதைப் புதிதாகவே கட்டி ஓட்டினார்கள். டொர்னேடோ என்று பெயர், எண் 60163. ஆனால் அதன் பாய்லர் எங்கே செய்யப்பட்டது? ஜெர்மனியில், மைனிங்கன் பட்டறையில். நீராவி இஞ்சின் பிறந்த நாட்டைச் சேர்ந்தவர்கள், அவ்வளவு பெரிய பாய்லருக்குக் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது. மைனிங்கனில் அந்த வேலை விட்டுப்போகாமல் தொடர்ந்திருந்தது.

அமெரிக்காவின் பிக் பாய் 4014 என்ற இஞ்சினின் கதையையும் நான் இப்படித்தான் படிக்கிறேன். 1941இல் கட்டியது, நீளம் 132 அடி. 1962 முதல் கலிபோர்னியாவில் பொமோனாவின் கண்காட்சித் திடலில் வெயிலில் நின்றது. 2014இல் செயென் நகரத்துக்கு இழுத்துக்கொண்டு போய், பிரித்துக் கோர்த்து, 2019 மே மாதம் மறுபடி ஓட்டினார்கள். கண்டம் கடந்த ரயில் பாதையின் 150ஆம் ஆண்டுக்காக ஆக்டனில் அது 844 எண் இஞ்சினோடு மூக்கும் மூக்கும் தொட நின்ற படம் எல்லோரும் பார்த்ததுதான். எல்லோரும் பெரியதையே பார்த்தார்கள். என் கண்ணுக்கு அந்தப் படத்தின் நாயகன் 844. 1944இல் வந்தது, இன்றுவரை கணக்கிலிருந்து நீக்கப்படாதது. அதைக் கைவிடாமல் வைத்திருந்ததால்தான் செயென்னில் நீராவி வேலை தெரிந்தவர்களும் கருவிகளும் இருந்தார்கள், இருந்தன. அது இல்லாமல் போயிருந்தால், திடலில் நின்றதை எழுப்ப ஆள் எங்கிருந்து கிடைத்திருக்கும்?

எல்லாவற்றையும் ஓட்டிக்காட்ட வேண்டும் என்ற ஆசையையும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளலாம். 2013இல் இங்கிலாந்தின் யார்க் ரயில் அருங்காட்சியகத்தில் ஏ4 வகை இஞ்சின்களில் மிஞ்சியிருந்த ஆறையும் ஒன்றாக நிறுத்தினார்கள். இரண்டு, அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கப்பலில் வந்தவை. 1938இல் மணிக்கு 126 மைல் தொட்ட மல்லார்டுதான் விழாவின் காரணமே, அதில் நெருப்பே இல்லை. கூட்டம் அதற்காகக் குறையவில்லை. 1829இல் கட்டிய ராக்கெட் என்ற இஞ்சினும் அப்படித்தான். அதை ஓட்டிப் பார்க்கும் எண்ணம் யாருக்கும் வருவதில்லை. ஓட்டுவதற்கென்று 1979இல் ஒரு நகலைச் செய்துகொண்டார்கள். பழைய இரும்பை ஓடவைக்க வேண்டுமானால் அதில் பாதியை மாற்றியாக வேண்டும். மாற்றிய பிறகு அங்கே நிற்பது எது என்ற கேள்வி வரும். அது வேறு விவாதம், இன்னொரு நாள்.

இனி படம் எடுப்பவர்கள். இவர்களோடு எனக்கு ஒரு பழைய சண்டை உண்டு.

ரயிலை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, ஓரமாக வரிசையில் நிற்கவைத்து, வண்டியைப் பின்னால் கொண்டுபோய், மறுபடி முன்னால் ஓட்டிவந்து படம் எடுக்கவைப்பது உங்கள் விழாக்களில் வழக்கம். நல்ல வழக்கம்தான், நானும் எடுத்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் கேபினுக்கு ஒரு சொல் போகும்: கரும்புகை வேண்டும். உடனே ஃபயர்மேன் நாலைந்து மண்வெட்டி கரியை ஒரே மூச்சில் தள்ளி, கதவைச் சாத்துவார். வானம் கறுக்கும், கேமராக்கள் சடசடக்கும்.

கரும்புகை என்பது எரியாத கரி. காற்றுப் போதாத நெருப்பு. ஒரு ஃபயர்மேன் வெட்கப்பட வேண்டிய விஷயம் அது. கொஞ்சமாகப் போடு, அடிக்கடி போடு, எங்கே வெள்ளையாக எரிகிறதோ அங்கே போடு, போட்ட பிறகு கதவை விரலளவு திறந்து வைத்து நெருப்புக்கு மேலே காற்று போக விடு. இதுதான் பாடம். சரியாக எரியும் நெருப்புக்கு மேலே புகைபோக்கியில் தெரிவது லேசான சாம்பல் நிற மூட்டம் மட்டும். எங்கள் ஃபயர்மேன் அதைப் பார்த்தே நெருப்பின் உடல்நிலையைச் சொல்லுவார். நாம் என்ன செய்கிறோம்? இளைஞர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆயிரம் பேர் கைதட்ட, தப்பான வேலையைச் செய்துகாட்டுகிறோம். அதைப் பார்த்துவிட்டுப் போகும் சிறுவன் அதுதான் நீராவி என்று நினைத்துக்கொள்வான். அடுத்த தடவை ஒலிபெருக்கியில் ஒருவரை உட்காரவைத்து, "புகைபோக்கியைப் பாருங்கள், கரும்புகை தெரிகிறதா? தெரியவில்லையா? உள்ளே ஒரு நல்ல ஃபயர்மேன் இருக்கிறார்" என்று சொல்லச் சொல்லுங்கள். கூட்டம் அதற்கும் கைதட்டும், பந்தயம் கட்டுகிறேன்.

கரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல நீராவிக் கரி கிடைப்பது வருடா வருடம் கஷ்டமாகிக்கொண்டிருக்கிறது. வேல்ஸில் மரபு ரயில்களுக்குக் கரி கொடுத்துக்கொண்டிருந்த ஃபோஸ்-இ-ஃப்ரான் சுரங்கம் 2023இல் மூடப்பட்டது. இந்த நிலைமையில் கரியைப் படத்துக்காக வானத்தில் ஊதுவது எப்படி நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

கூட்டத்தைக் காக்க ஆள் வேண்டாமா, அந்தப் பெண்ணைக் கயிற்றோரம் நிறுத்தியதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். கூட்டத்தைக் காக்கத்தான் வேண்டும், அதில் தகராறே இல்லை. 1830 செப்டம்பர் 15, லிவர்பூல் மான்செஸ்டர் பாதையின் திறப்பு விழா. தண்ணீர் பிடிக்க வண்டி நின்ற இடத்தில் இறங்கித் தண்டவாளத்தில் நின்றவர்களில் ஒருவர் நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஹஸ்கிசன். பக்கத்துத் தண்டவாளத்தில் வந்த ராக்கெட் அவர் மேல் ஏறியது, அன்று இரவே இறந்துபோனார். 2016இல் பழுது பார்த்து முடித்த ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன் என்ற இஞ்சின் லண்டனிலிருந்து யார்க்குக்குப் போன முதல் ஓட்டத்தில், தண்டவாளத்தில் ஆட்கள் இறங்கி நின்றதால் வண்டியை நிறுத்த வேண்டிவந்தது. நூற்று எண்பத்தாறு வருடம் இடைவெளி, கூட்டத்தின் புத்தி அப்படியேதான் இருக்கிறது. ஆகவே காவலுக்கு ஆள் போடுங்கள். ஆனால் அதற்குக் கூலி கொடுத்து ஆள் போடலாம், வேலியை இன்னும் பத்தடி தள்ளிப் போடலாம். ஷெட்டில் வேலை கற்றுக்கொண்டிருப்பவர்களைப் பிடுங்கிக்கொண்டு வந்து அங்கே நிறுத்தாதீர்கள். அவர்களுக்கு வருடத்தில் பத்து நாள்தான்.

காப்பீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது அடுத்த பதிலாக இருக்கும். கேபினில் கற்றுக்கொள்பவர் நிற்பதற்கு ஒத்துக்கொள்ளாதவர்கள், பேன்ட் மடிப்பு கலையாத நன்கொடையாளர்கள் வரிசையாக ஏறி இறங்குவதற்கு எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்று அவர்களிடமே கேட்டுச் சொல்லுங்கள். பயிற்சிப் பதிவேட்டில் பெயர் எழுதி, யார் பொறுப்பில் நிற்கிறார் என்று கையெழுத்து வாங்கி, முறையாகச் செய்ய வழி இருக்கத்தான் செய்யும். நன்கொடையாளர்களையும் நான் விரட்டச் சொல்லவில்லை. அவர்கள் காசில்லாமல் பாய்லரைத் திறக்க முடியாது. ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேனைச் சரிசெய்ய 42 லட்சம் பவுண்டு ஆனது. அவர்களைக் கேபினுக்கு ஏற்றுங்கள், பத்து நிமிடம். மிச்ச நேரம் அந்த மூலை கற்றுக்கொள்பவருக்கு.

இன்னொரு யோசனை, இதில் உங்களுக்கு வரும்படியும் உண்டு. விழாவைக் காலை பத்து மணிக்குத் தொடங்காதீர்கள். முந்தின நாள் இரவே தொடங்குங்கள்.

ஒரு பெரிய இஞ்சினுக்கு நெருப்பு மூட்டி அழுத்தம் ஏற்றுவது ராத்திரி முழுக்க நடக்கும் வேலை. அவசரப்பட்டால் ஃபயர்பாக்ஸ் தகடு சுட்டு விரியும், அடியில் கிடக்கும் தண்ணீரும் தகடும் இன்னும் ஜில்லென்றே இருக்கும். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு இழுபடுவது, தகடுகளைப் பிணைத்து நிறுத்தும் நூற்றுக்கணக்கான ஸ்டே போல்ட்டுகள். அதனால் மெதுவாக. முதலில் தண்ணீர் மட்டம், சிலிண்டருக்கு நீராவி விடும் ரெகுலேட்டர் மூடியிருக்கிறதா, கை பிரேக் இறுக்கமா, சிலிண்டர் வடிகால்கள் திறந்திருக்கின்றனவா. அப்புறம் மரத்துண்டுகள், எண்ணெயில் தோய்த்த துணி, ஒரு தீக்குச்சி. (இங்கே வருகிறது அசல் தீப்பெட்டி.) முதல் இரண்டு மூன்று மணி நேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். புகை போக வழி தெரியாமல் ஷெட்டுக்குள்ளேயே சுற்றும், கண் எரியும். கை வைத்துப் பார்த்தால் பாய்லரின் மேல்பக்கம் வெதுவெதுப்பு, அடிவயிறு பச்சைத் தண்ணீர். நடுராத்திரிக்கு மேல் இரும்பு டிக், டிக் என்று முனகத் தொடங்கும். அப்புறம் எங்கேயோ ஒரு மூட்டில் இஸ் என்று ஒரு சின்ன மூச்சு. யாராவது ஒருவர் டார்ச் அடித்து அழுத்தமானியைப் பார்ப்பார். முள் ஆணியை விட்டு ஒரு நூல் எழுந்திருக்கும். அந்த நேரத்தில் ஷெட்டில் இருக்கிற நாலு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அந்த முள்ளையே பார்ப்போம். வருடக்கணக்கில் பார்த்த பிறகும் பார்ப்போம்.

இதைப் பார்க்க ஆள் வர மாட்டார்கள் என்றா நினைக்கிறீர்கள்? இருபது முப்பது பேரை, பாதுகாப்பான தூரத்தில், தனி டிக்கெட் போட்டு உட்காரவையுங்கள். ஏன் மெதுவாக என்று ஒருவர் விளக்கட்டும். ஸ்டே போல்ட்டின் நடுவில் துளைத்திருக்கும் சின்ன ஓட்டையைக் காட்டட்டும். போல்ட் உள்ளே விரிசல் விட்டால் அந்த ஓட்டை வழியாக நீராவி கசிந்து காட்டிக்கொடுக்கும் என்று சொல்லட்டும். அந்த இருபது பேரில் ஒருவர் மறுவாரம் ஷெட் வாசலில் வந்து நிற்பார். எனக்கு அப்படித்தான் ஆனது. பகலில் ஓடிய இஞ்சின் எதுவும் என்னை உள்ளே இழுக்கவில்லை. ஒரு தடவை கடைசி வண்டியைத் தவறவிட்டு, ஷெட் ஓரமாக ஒதுங்கி, அந்த முனகலைக் கேட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் ஒருவர் என் கையில் துணியைக் கொடுத்தார்.

போலந்தின் வோல்ஷ்டினில் வழக்கமான பயணிகள் ரயிலையே நீராவியில் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், வெளிநாட்டவர்கள் பணம் கட்டி வந்து, உள்ளூர் ஆட்கள் பக்கத்தில் நிற்க, அந்த ரயிலை ஓட்டக் கற்றார்கள். கற்றுக்கொடுப்பதற்கே காசு வாங்கலாம் என்று அவர்கள் எப்போதோ காட்டிவிட்டார்கள். நமக்குத்தான் விசில் போட்டியைத் தாண்டி யோசனை போகவில்லை.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்பீர்கள். அடுத்த வருடம் வரவில்லை. கோபமெல்லாம் இல்லை; வேறு ஊரில் வேலை கிடைத்தது, போய்விட்டாள். போவதற்கு முன்பு கையுறையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள், இன்னும் புதிதாகத்தான் இருக்கிறது. ஃபயர்மேனுக்கு மூட்டு வலி, இப்போது கேபினில் ஏற முடிவதில்லை. ஷெட்டுக்கு வருகிறார், நாற்காலி போட்டு உட்காருகிறார். யாராவது இன்ஜெக்டரைத் திறந்தால் தலையைச் சாய்த்துக் கேட்கிறார். கற்றுக்கொடுக்கச் சொன்னால் உட்கார்ந்த இடத்திலிருந்தே கற்றுக்கொடுப்பார். இதுவரை எந்த விழாக் குழுவும் அவரைக் கேட்கவில்லை.

அடுத்த விழாவுக்கான திட்டம் போட்டுக்கொண்டிருப்பீர்கள். எத்தனை இஞ்சின் என்று எழுதும் இடத்துக்குப் பக்கத்திலேயே எத்தனை பேர் கற்கப்போகிறார்கள் என்று இன்னொரு கட்டம் போடுங்கள். இரண்டாவது எண் மூன்று என்றால் முதல் எண்ணும் மூன்றாகவே இருக்கட்டும், மற்றவை குளிர்ந்தே நிற்கட்டும். முந்தின இரவுக்கு மரம் பிளக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், நான் வருகிறேன். ஃபயர்மேனையும் நாற்காலியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். கையுறை ஒரு ஜோடி கைவசம் இருக்கிறது. யார் கைக்குச் சரியாக இருக்கும் என்று பார்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஷெட்டில் இஞ்சின் துடைப்பவன்